நம் வகுப்பறைகளில் நிலைகொள்ளாப் பிள்ளைகள் எத்தனை பேர்?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

கணக்கு என்பது பணத்துக்கும் பண்டத்துக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். நூல் இருப்பு எவ்வளவு, விற்ற சேலை எத்தனை, வசூலாக வேண்டிய பயிர்க்கடன் எவ்வளவு என்பவற்றை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கிறோம். ஓர் எண் பிசகினாலும் பொதுக்குழுவில் கேள்வி கேட்கிறோம். ஆனால், அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்க இயலாமல் தத்தளிக்கின்றனர் என்னும் கணக்கு எந்தச் சங்கத்துப் பேரேட்டிலும் ஏறியதில்லை. அது பள்ளிக்கூடத்தின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது வீட்டின் கவலை என்று பள்ளிக்கூடம் ஒதுக்கிவிடுகிறது. இடையில் நிற்பவன் பிள்ளை.

இவ்விஷயத்தை நாம் எழுத நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுதல் நேர்மையாகும்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று, கோட்டக்குப்பம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டினால் காலாப்பட்டுப் பகுதி வரும். அதற்கும் வடக்கே, புதுச்சேரி எல்லையின் கோடியில் இருப்பது கனகசெட்டிக்குளம். கடலும் சவுக்குத் தோப்புகளும் உள்ள ஊர். அவ்வூரைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர், மல்லாட்டை பயிரிடுபவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் சேமிப்புத் தொகையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற விண்ணப்பித்தார். காரணம் கேட்டோம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, மைத்துனரின் தறிக் கூடத்துக்கு அனுப்பப் போவதாகவும், அங்கே பழகும்வரை சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் தேவை என்றும் சொன்னார். "ஒரு இடத்துல உட்காரமாட்டான் சார். வாத்தியாரு தினமும் ஆள் அனுப்புறாரு. படிப்புதான் ஏறல, ஒரு தொழிலாவது ஏறட்டும்" என்றார். நாமும் தலையசைத்து, "நல்ல யோசனைதான்" என்று கூறிக் கையொப்பமிட்டோம்.

நான்கு மாதங்களுக்குப் பின் மறுபடியும் அவரைக் கண்டபோது அவர் முகம் வாடியிருந்தது. தார் சுற்ற வைத்த பையன் பாதித் தாரில் எழுந்து ஓடினான், நூல் அறுந்தது, அறுந்த நூலுக்கு அடி விழுந்தது. பள்ளியில் பட்ட அடியே தறிக் கூடத்திலும் தொடர்ந்தது. இடம் மாறியதேயன்றிப் பையன் மாறவில்லை. பின்னர் அவன் தாயார் ஒருநாள் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் மூன்று முறை வரச்சொல்லிப் பார்த்தார். பள்ளி ஆசிரியரிடமும் எழுதி வாங்கி வரச் சொன்னார். கண்ணையும் காதையும் சோதித்தார். அதன் பின்னரே அவனுக்குக் கவனக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு இருப்பதாகத் தெரிவித்தார். ஆங்கில எழுத்துக்களால் ஏ.டி.எச்.டி. என்று வழங்கப்படுவது இதுவே.

அப்பையன் இன்று மீண்டும் பள்ளியில் இருக்கிறான். ஆயினும் போன மாதங்கள் போனவையே. அன்று நாம் இட்ட கையொப்பம் விதிப்படி சரியானதுதான். ஆனால் அதனுடன் சொன்ன "நல்ல யோசனை" பிழையானது. பிறர் கணக்கில் பிழை காண்பதைத் தொழிலாகக் கொண்ட நாம், நம் பிழையையும் பதிந்துவைப்பதே முறை. அதன்பின் இக்குறைபாடு பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

குறைபாடு என்பது யாது?

பிள்ளைகள் துறுதுறுவென்று இருப்பது இயற்கை. ஓடாத கன்றும் ஆடாத பிள்ளையும் இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும். எனவே ஓடுவதும் ஆடுவதும் நோயல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்துவோம்.

மருத்துவர்கள் இக்குறைபாட்டை இரண்டு பகுதிகளாகப் பிரித்துக் காண்கின்றனர். ஒன்று, கவனம் நிலைக்காமை: தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுதல், சொன்னதைக் காதில் வாங்காதது போலிருத்தல், பென்சிலையும் புத்தகத்தையும் அடிக்கடி தொலைத்தல், சிறு ஓசைக்கும் மனம் சிதறுதல், அன்றாடக் கடமைகளை மறத்தல் போன்றவை. மற்றொன்று, மிகை இயக்கமும் பொறுமையின்மையும்: அமர வேண்டிய இடத்தில் எழுந்து திரிதல், கைகால்களை ஓயாது அசைத்தல், கேள்வி முடியுமுன் விடையைக் கூறுதல், தன் முறை வரும்வரை காத்திருக்க இயலாமை, பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் குறுக்கிடுதல் போன்றவை. ஒவ்வொரு பகுதிக்கும் 9 அறிகுறிகள் வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 2013-ல் வெளியிட்ட கையேட்டின்படி, இவற்றுள் ஏதேனும் ஒரு பகுதியில் 6 அறிகுறிகளாவது பிள்ளையிடம் இருத்தல் வேண்டும்.

அறிகுறி இருந்தால் மட்டும் போதாது. அது 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்னரே சில அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். பிள்ளையின் படிப்பையும் பழக்கத்தையும் மெய்யாகவே கெடுப்பதாக இருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் குறும்பு செய்து வீட்டில் அமைதியாயிருக்கும் பிள்ளைக்கு இக்குறைபாடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அங்கே வேறு ஏதோ காரணம் இருத்தல் கூடும்.

இது கைப்பேசியும் தொலைக்காட்சியும் கொண்டுவந்த புது நோய் என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. ஜெர்மானிய மருத்துவரான மெல்கியோர் ஆடம் வெய்கார்ட் என்பவர் 1775-ல் வெளியான நூலிலேயே கவனம் நிலைக்காதவர்களைப் பற்றி எழுதியுள்ளார். இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் 1902-ல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் குறையில்லாமல் இருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத 43 பிள்ளைகளைப் பற்றி விவரித்தார். அக்காலத்தில் கைப்பேசி ஏது? பெயர் புதிதே ஒழியப் பிள்ளைகள் புதியவர்கள் அல்லர்.

கோயம்புத்தூர்க் கணக்கு

இனி, எத்தனை பேருக்கு இக்குறைபாடு உள்ளது என்னும் முக்கியமான கேள்விக்கு வருவோம்.

நமக்கு அண்மையிலும் நம் மொழி பேசும் மக்களிடையிலும் எடுக்கப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. பஞ்சுக்கும் நூலுக்கும் பெயர்பெற்ற கோயம்புத்தூர் மாவட்டத்தில், 4 பள்ளிகளைச் சேர்ந்த 6 முதல் 11 வயது வரையிலான 770 பிள்ளைகளை ஆராய்ச்சியாளர் இருவர் ஆராய்ந்து, முடிவை 2013-ல் இந்திய மனநல மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, பிள்ளையின் நடத்தைக்கு மதிப்பெண் இடச் செய்து, அதன் வாயிலாகக் கணக்கிட்டனர். நூற்றுக்கு 11.32 வீதம் பிள்ளைகளிடம் இக்குறைபாடு காணப்பட்டது. அதாவது 770 பேரில் ஏறத்தாழ 87 பேர்.

அந்த 87 பேருள் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண் பிள்ளைகள். ஒரு பங்கினர் பெண் பிள்ளைகள். வயதைப் பார்த்தால் 9, 10 வயதுகளில் அதிகமாகத் தென்பட்டது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பாடம் கடினமாகி, நெடுநேரம் அமர்ந்து எழுத வேண்டிய கட்டாயம் வரும் பருவம் அதுவே என்பது கவனிக்கத்தக்கது.

நம் அங்கத்தினர்களுக்கு முக்கியமான எண் இனிமேல்தான் வருகிறது. நடுத்தர வருவாய்க் குடும்பத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 6.84 வீதமாக இருந்த இக்குறைபாடு, குறைந்த வருவாய்க் குடும்பத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 16.33 வீதமாக இருந்தது. இரு மடங்குக்கும் மேல்! நெசவாளரும் சிறு விவசாயியும் எந்த வரிசையில் நிற்கின்றனர் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கொண்டு, வறுமைதான் இக்குறைபாட்டை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. எடை குறைந்து பிறத்தலும் மாதம் நிறையாமல் பிறத்தலும் இக்குறைபாட்டுடன் தொடர்புடையவை என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் தெரிந்துள்ளது. ஏழைத் தாய்மாரிடையே இவை அதிகம். போதிய உணவும் உறக்கமும் இன்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளை, குறைபாடு இல்லாமலே அதன் அறிகுறிகளைக் காட்டவும் கூடும். இரண்டும் கலந்தே அந்த எண் வந்திருக்கலாம்.

சல்லடை மாறினால் கணக்கு மாறும்

கோயம்புத்தூரில் 11.32 என்றால் எல்லா ஊரிலும் அப்படித்தானா என்று அங்கத்தினர் கேட்பர். கேட்க வேண்டியதும் அதுவே.

பெங்களூரில் தேசிய மனநல நரம்பியல் நிலையத்தைச் சேர்ந்தோர் நகரத்து நடுத்தரக் குடியிருப்பு, குடிசைப் பகுதி, கிராமம் ஆகிய மூவகை இடங்களிலும் 16 வயது வரையிலான 2,064 பிள்ளைகளை ஆராய்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டனர். அங்கே இக்குறைபாடு நூற்றுக்கு 1.6 வீதமே. இந்திய ஆராய்ச்சிகள் பலவற்றையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட வேறொரு தொகுப்பு, இந்தியப் பிள்ளைகளிடையே நூற்றுக்கு 7.1 வீதம் என்கிறது. உலகெங்குமிருந்து 102 ஆராய்ச்சிகளைத் திரட்டி, 1,71,756 பேரின் விவரங்களைக் கொண்டு 2007-ல் வெளியான கணக்கு, நூற்றுக்கு 5.29 வீதம் என்றது. அமெரிக்காவிலோ 2022-ல் பெற்றோரிடம் கேட்டு எடுத்த கணக்கில், 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுள் நூற்றுக்கு 11.4 பேர், அதாவது சுமார் 71 லட்சம் பேர், எப்போதாவது மருத்துவரால் இக்குறைபாடு உடையவர் என்று சொல்லப்பட்டிருந்தனர்.

ஒரே குறைபாட்டுக்கு ஓரிடத்தில் 1.6, மற்றோரிடத்தில் 11.32! இவற்றுள் எது பொய், எது மெய்? எதுவும் பொய்யன்று. விளக்கம் மல்லாட்டைக் களத்திலேயே இருக்கிறது.

களத்தில் கொட்டிய மல்லாட்டையைச் சல்லடையில் சலிக்கும்போது, கீழே விழுவன யாவும் சொத்தை அல்ல; நல்ல சிறு கொட்டைகளும் அவற்றுடன் விழுகின்றன. சல்லடைக் கண் பெரிதாயின் மிகுதியாக விழும்; சிறிதாயின் குறைவாக விழும். விழுந்தவற்றை முறத்தில் வாரி, புடைத்து, கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினால்தான் மெய்யான சொத்தை எவ்வளவு என்று தெரியும். பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பெண் இடும் வினாப் பட்டியல் சல்லடை போன்றது. பயிற்சி பெற்றவர் பிள்ளையையும் பெற்றோரையும் நேரில் கண்டு விசாரிப்பது முறத்தில் பொறுக்குவது போன்றது. சலித்ததோடு நிறுத்தினால் எண் பெரிதாக வரும். பொறுக்கிப் பார்த்தால் சிறிதாகும்.

பெங்களூர் ஆராய்ச்சியிலேயே இதற்குச் சான்று உண்டு. 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடையே எல்லாவகை மனநலக் குறைகளையும் சேர்த்து நூற்றுக்கு 12 வீதம் என்று கண்டவர்கள், அக்குறையால் அன்றாட வாழ்வு மெய்யாகவே பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று மேலும் பார்த்தபோது, அது நூற்றுக்கு 5.3 வீதமாகக் குறைந்தது. உலகக் கணக்கைத் தொகுத்தவர்களும், நாட்டுக்கு நாடு எண் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் அளக்கும் முறையே காரணம் என்றனர். அவர்களே 2014-ல் வெளியிட்ட மற்றொரு தொகுப்பில், ஒரே முறையில் அளந்தால் முப்பது ஆண்டுகளில் இக்குறைபாடு பெருகியதாகத் தெரியவில்லை என்றும் கண்டனர். மருத்துவமனைக்கு வருவோர் பெருகியிருக்கலாம். குறைபாடே பெருகிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

ஆகவே கோயம்புத்தூர் எண்ணை நாம் எப்படிக் கொள்ள வேண்டும்? நூற்றுக்குப் பதினொரு பிள்ளைகள் நோயாளிகள் என்று கொள்ளலாகாது. நூற்றுக்குப் பதினொரு பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்கவேண்டிய தேவை இருக்கிறது என்று கொள்ளவேண்டும். அவர்களுள் மெய்யாகவே இக்குறைபாடு உடையோர் ஐந்து பேர் இருக்கலாம். சற்றுக் கூடலாம், குறையலாம். ஏனையோருக்குக் கண் பார்வைக் குறையோ, காது மந்தமோ, இரத்தச் சோகையோ, வீட்டுச் சண்டையோ, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தனிப்பட்ட சிரமமோ இருக்கலாம். அவர்களுக்கும் உதவி தேவையே.

சங்க அளவில் இதைப் பார்ப்போம். 200 குடும்பங்கள் உள்ள ஒரு சங்கத்தில், வீட்டுக்கு ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்வதாகக் கொள்வோம். உலகக் கணக்கின் 5 வீதப்படி பார்த்தாலும் 10 பிள்ளைகள். 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் 2 பேர். ஆகவே, "நம் ஊரில் அப்படி யாரும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

கணக்கில் ஏறாதவர்களும் தவறி ஏறுபவர்களும்

இக்கணக்கில் விடுபட்டுப் போவோர் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை மேசையைத் தட்டுகிறான், ஓடுகிறான், ஆசிரியர் கண்ணில் படுகிறான். பெண் பிள்ளையோ சாதுவாக அமர்ந்து, கண் கரும்பலகையிலும் மனம் வேறெங்கோவுமாக இருக்கிறாள். தொல்லை தராத குறையை யாரும் குறையாக எண்ணுவதில்லை. "மந்தமான பெண்" என்று பெயர் சூட்டி, காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைச் செய்துவிடலாம் என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். கவனம் நிலைக்காமை மட்டும் மிகுந்து, ஓட்டமும் ஆட்டமும் இல்லாத வகையும் இக்குறைபாட்டில் உண்டு என்பதை நம் பெண் அங்கத்தினர்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும்.

தவறிக் கணக்கில் ஏறுவோரும் உண்டு. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2012-ல் ஒரு முடிவு வெளியாயிற்று. அங்கே ஜனவரியில் பிறந்தவர்களும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவர்களும் ஒரே வகுப்பில் சேர்கின்றனர். டிசம்பரில் பிறந்த ஆண் பிள்ளைகள், ஜனவரியில் பிறந்தவர்களைவிட நூற்றுக்கு 30 வீதம் அதிகமாகவும், பெண் பிள்ளைகள் 70 வீதம் அதிகமாகவும் இக்குறைபாடு உடையோர் என்று சொல்லப்பட்டனர். வகுப்பில் வயதால் இளைய பிள்ளை, மூத்த பிள்ளைகளைப் போல் அமர இயலாததையே குறைபாடு என்று கொண்டுவிட்டனர் போலும்! நம் ஊரிலும் அவசரப்பட்டு வயது நிறையுமுன் பள்ளியில் சேர்த்துவிடும் பெற்றோர் உண்டு. அத்தகைய பிள்ளையை மதிப்பிடும்போது இதை ஆசிரியர் நினைவில் கொள்ளுதல் நலம்.

யார் குற்றம்?

பிள்ளை நிலைகொள்ளாமல் திரிந்தால், தாயின் வளர்ப்புச் சரியில்லை என்று மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை பேசுவர். இப்பழி அநியாயமானது. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், ஒருவருக்கு ஒருவர் இக்குறைபாட்டில் காணும் வேற்றுமைக்கு நூற்றுக்கு 70 முதல் 80 வீதம் வரை பிறவி வழி அமைப்பே காரணம் என்று கணித்துள்ளனர். கண்ணின் நிறமும் உடலின் உயரமும் எவ்வாறு வழிவழி வருகின்றனவோ அவ்வாறே இதுவும் பெரும்பாலும் வருகிறது. தகப்பனாரைக் கூர்ந்து விசாரித்தால், "நானும் சின்ன வயதில் இப்படித்தான்" என்று அவரே ஒப்புக்கொள்வதும் உண்டு.

சர்க்கரை தின்பதால் வருகிறது என்பதும் ஆதாரமற்றதே. சர்க்கரையையும் மாற்று இனிப்பையும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மாற்றிக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நடத்தையில் வேறுபாடு தோன்றவில்லை. செயற்கை வண்ணம் கலந்த தின்பண்டங்கள் சில பிள்ளைகளிடம் சிறிதளவு மிகை இயக்கத்தைத் தூண்டலாம் என்று இங்கிலாந்தில் 2007-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. அத்தின்பண்டங்களை விலக்குவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் விலக்கியதாலேயே குறைபாடு நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, அடியை நிறுத்துவது. கண்பார்வை குறைந்த பிள்ளையை அடித்தால் பார்வை வருமா? கவனம் நிலைக்காத பிள்ளையை அடித்தாலும் கவனம் வாராது. அச்சமும் பிடிவாதமும்தான் வரும். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. 6 முதல் 14 வயது வரையிலான எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இருக்க உரிமை உண்டு. "உங்கள் பிள்ளையை வேறெங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்படும் பெற்றோர், தலைகுனிந்து திரும்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, தக்கவரிடம் காட்டுவது. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டிய குறைகளின் பட்டியலில் இக்குறைபாடும் இடம்பெற்றுள்ளது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரிடம் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையின் பெயரைச் சொல்லலாம். கனகசெட்டிக்குளம், காலாப்பட்டுப் பகுதியினருக்கு அருகிலேயே புதுவை மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவமனை உள்ளது. கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. மனநலப் பிரிவு என்றதும் அஞ்சுதல் வேண்டாம். பல் வலிக்குப் பல் மருத்துவரிடம் போவது போன்றதே இதுவும். போகத் தயங்குவோர், 14416 என்னும் எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையைக் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.

இதற்கு இரத்தப் பரிசோதனையோ, தலையைப் படம் எடுப்பதோ விடை தராது. பொறுமையாக விசாரித்தே முடிவு காணவேண்டும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு சொல்பவரையும், "மூளை வளர்ச்சி டானிக்" என்று சொல்லிப் புட்டிகளை விற்பவரையும் நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வட்டிக்கு வாங்கிய பணம் புட்டியோடு போய்விடும். வட்டி மட்டும் வீட்டில் தங்கும்.

மூன்றாவது, சிகிச்சை. சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வழியாகவே பழக்கத்தைத் திருத்த முயல்கின்றனர். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தேவையெனில் மருந்தும் தரப்படுகிறது. மெதில்பெனிடேட் என்பது அவற்றுள் நெடுங்காலமாக வழக்கிலிருப்பது. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதங்கள் கவனித்து 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து அறிகுறிகளைத் தெளிவாகக் குறைப்பதாகத் தெரிந்தது. எனினும் பசி குறைதல், உறக்கம் கெடுதல் போன்ற பின்விளைவுகளும் அம்மருந்துக்கு உண்டு. ஆகவே மருத்துவர் எழுதித் தந்தாலன்றி வாங்கலாகாது. தாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. ஒரு பிள்ளைக்குத் தந்ததை மற்றொரு பிள்ளைக்குத் தருதலும் தகாது.

நான்காவது, வீட்டிலும் வகுப்பிலும் செய்யத்தக்கவை. இவற்றுக்குக் காசு வேண்டாம்; பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுக. "கை கழுவி, சாப்பிட்டு, பையை எடுத்து வை" என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டுமே நிற்கும். சில வேளை அதுவும் நில்லாது. நீண்ட பாடத்தைத் துண்டாக்கிப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க விடுக. செய்து முடித்ததை அப்பொழுதே பாராட்டுக. நாளைக்கு என்று தள்ளிய பாராட்டு அப்பிள்ளைக்கு எட்டுவதில்லை. உணவு, படிப்பு, உறக்கம் மூன்றுக்கும் நாள்தோறும் ஒரே வேளை இருக்கட்டும். தறி ஓசை இடைவிடாது கேட்கும் வீட்டில், படிக்கும் நேரமாவது பிள்ளைக்கு ஓசை குறைந்த ஒரு மூலை கிடைக்கட்டும். ஆசிரியர் அவனைச் சன்னலோரத்திலிருந்து முதல் வரிசைக்கு மாற்றி, கரும்பலகையைத் துடைக்கவும் ஏடுகளை வழங்கவும் சொல்லலாம். எழுந்து நடக்க வேண்டிய கால்களுக்கு ஒரு நியாயமான வேலை கிடைத்துவிடும்.

சங்கத்தின் பங்கு

ஒருவரால் தாங்க இயலாததைப் பலர் சேர்ந்து தாங்குவதற்காகவே கூட்டுறவு ஏற்பட்டது. அது கடனுக்கும் விற்பனைக்கும் மட்டுமான தத்துவமன்று. ஒவ்வொரு சங்கமும் ஆண்டில் ஒரு கூட்டத்தையாவது பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒதுக்கி, அருகிலுள்ள மருத்துவமனையிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். பொது நல நிதி உள்ள சங்கங்கள், மருத்துவமனைக்குச் சென்றுவரும் நாட்களில் கூலியை இழக்கும் தாய்மாருக்குப் பேருந்துச் செலவையேனும் தரலாமா என்று நிர்வாகக் குழுவில் வைத்து யோசிக்கலாம். சேமிப்பைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கும் அங்கத்தினர், பிள்ளையின் படிப்பை நிறுத்துவதே காரணம் என்று சொன்னால், பணத்தைத் தரும் முன் ஒரு கேள்வி கேட்கும் வழக்கத்தைச் செயலாளர்கள் கைக்கொள்ளலாம்: "மருத்துவரிடம் காட்டினீர்களா?" நாம் அன்று கேட்கத் தவறிய கேள்வி அது.

கனகசெட்டிக்குளத்துப் பையனைச் சென்ற முறை கண்டோம். முற்றிலும் மாறிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. நாம் அவன் தந்தையுடன் பேசிக்கொண்டிருந்த சிறிது நேரத்தில் அவன் மூன்று முறை வெளியே ஓடித் திரும்பினான்; நம் சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தான். ஆனால் அவனுடைய கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுதும் எழுதி முடித்திருந்தது. தகப்பனார் அப்பக்கத்தை எடுத்து நம்மிடம் காட்டினார். எண்களைப் பார்த்தே பழகிய நம் கண்ணுக்கு, கூட்டலில் இரண்டு பிழைகள் தெரிந்தன. நாம் அவற்றைக் குறிக்கவில்லை. முடிந்த பக்கம் ஒன்று இருக்கிறது. பிழைகளை அவனே திருத்திக்கொள்ள இன்னும் பல பக்கங்கள் இருக்கின்றன.

அங்கத்தினர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பள்ளியை விட்டு நிற்கும் நிலையில் ஒரு பிள்ளை இருந்தால், அவனை அல்லது அவளை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பின் முடிவு செய்யுங்கள். நூல் அறுந்தால் பாவையே எறிந்துவிடுகிறோமா? அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிட்டு மேலே நெய்கிறோம். பிள்ளைக்கும் அவ்வளவு பொறுமை காட்டலாகாதா?